மும்பையில் நண்பர் வீட்டில் மூன்று நாள்: முதன்முறை வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மும்பையில் இருக்கும் நண்பரைப் பார்த்துவிட்டு, அப்படியே ஊரையும் சுற்றிவிட்டு வரலாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? டிக்கெட் போடுவதற்கு முன்பே அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் ஸ்டேஷன் எது? ஈஸ்டா, வெஸ்டா?" முழு முகவரியைவிட இதுதான் முக்கியம். மீதித் திட்டம் எல்லாம் இதை வைத்துத்தான் அமையும்.

காரணம் இந்த ஊரின் வடிவம். தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குறுகலான நிலம். அதன் மேல் வடக்கு தெற்காக ஓடும் லோக்கல் ரயில் பாதைகள். சர்ச்கேட்டிலிருந்து அந்தேரி, போரிவலி வழியாக விரார் பக்கம் போவது வெஸ்டர்ன் லைன். சிஎஸ்எம்டியிலிருந்து, அதாவது பழைய விக்டோரியா டெர்மினஸிலிருந்து, தாதர், தாணே, டோம்பிவிலி, கல்யாண் என்று போவது சென்ட்ரல் லைன். செம்பூர், வாஷி, பன்வேல் பக்கம் போவது ஹார்பர் லைன். உங்கள் நண்பர் இந்த மூன்றில் ஏதோ ஒன்றின் மேல்தான் வாழ்கிறார். வீட்டைவிட்டுக் கிளம்பினால் தெற்கே அல்லது வடக்கே என்பதுதான் கணக்கு. "மும்பையில்தான் இருக்கேன்" என்று சொல்பவர் டோம்பிவிலியில் இருக்கலாம். அங்கிருந்து சிஎஸ்எம்டி கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர், ஃபாஸ்ட் ரயிலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல். விராரிலிருந்து சர்ச்கேட் 60 கிலோமீட்டர்.

ஈஸ்ட், வெஸ்ட் விஷயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்டவாளம் ஒவ்வொரு பகுதியையும் இரண்டாகப் பிரிக்கிறது. நடந்து போகிறவருக்கு ஒரு பாலம் ஏறி இறங்கும் வேலைதான். ஆட்டோவில் தவறான பக்கம் போய் இறங்கினால், மறுபக்கம் போக மேம்பாலத்தைத் தேடிச் சுற்ற வேண்டும், நெரிசலில் அரை மணி நேரம் போய்விடும்.

ஸ்டேஷன் தெரிந்துவிட்டதா? சரி, இப்போது ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு ஒரே திசை. காலையில் கேட்வே, மதியம் போரிவலி, சாயங்காலம் ஜூஹு என்று போட்டால் மூன்றையும் பார்த்திருக்க மாட்டீர்கள், ரயிலையும் டிராஃபிக்கையும்தான் பார்த்திருப்பீர்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் கையில் இருபது இடங்களின் பட்டியலோடு வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். வந்தது நண்பரைப் பார்க்க. கடைசியில் அவரோடு உட்கார்ந்து பேச நேரமில்லாமல் திரும்பிப் போவார்கள்.

எப்போது வருவது

ஜனவரி மிகவும் நல்லது. பொங்கலை ஒட்டியோ குடியரசு தினத்தை ஒட்டியோ லீவு சேர்ந்து வந்தால் விடாதீர்கள். காலையில் லேசான குளிர் இருக்கும், வெயிலும் நடக்க முடிகிற அளவில் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மழைக்கால மும்பை அழகுதான், ஆனால் ரயில் நிற்கும், படகு போகாது, முதன்முறை வருபவருக்கு அது தோதுப்படாது. விநாயகர் சதுர்த்தி சமயத்தில் ஊரே கோலாகலமாக இருக்கும். அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் வாருங்கள், மற்ற இடங்களை மறந்துவிடுங்கள்.

ஜனவரியில் ஒன்று கவனிக்க வேண்டும். வழக்கமாக மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மும்பை மாரத்தான் நடக்கும். அன்று காலை தென் மும்பையில் பல சாலைகளை மூடிவிடுவார்கள். அந்த வாரம் வந்தால் தெற்கே போவதைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்வது

ரயிலில் வந்தால் போக ஏறத்தாழ ஒரு நாள், வர ஒரு நாள் ஆகிவிடும். மூன்று நாள் லீவில் அது கட்டுப்படியாகாது, கூடுதலாக ஒன்றிரண்டு நாள் லீவு எடுக்க முடிந்தால் பார்க்கலாம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. நீண்ட வார இறுதி என்றால் திறந்த அன்று காலையே உட்கார்ந்துவிட வேண்டும்.

எங்கே இறங்குவது என்பதை நண்பரின் லைனை வைத்து முடிவு செய்யுங்கள். குண்டக்கல், சோலாப்பூர், புனே வழியாக வரும் தமிழ்நாட்டு ரயில்கள் மலையிறங்கி கல்யாணைத் தொட்டுத்தான் மும்பைக்குள் வரும். நண்பர் வீடு கல்யாண், டோம்பிவிலி, தாணே பக்கம் என்றால் கல்யாணிலேயே இறங்கிவிடலாம். கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டு அதே வழியில் திரும்ப வரும் வேலை மிச்சம். லோக்மான்ய திலக் டெர்மினஸ் வரை வரும் வண்டிகளும் உண்டு. பழைய ஆட்கள் அதைக் குர்லா டெர்மினஸ் என்பார்கள். பெயரை நம்பி குர்லா லோக்கல் ஸ்டேஷன் வாசலிலேயே இறங்குவோம் என்று நினைக்க வேண்டாம், கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. ஹார்பர் லைனின் திலக் நகர் ஸ்டேஷனுக்கு அங்கிருந்து நடக்கலாம்.

விமானம் என்றால் டிக்கெட்டில் எந்த விமான நிலையம், எந்த டெர்மினல் என்று பாருங்கள். பழைய விமான நிலையத்தின் முதல் டெர்மினல் சாந்தாக்ரூஸ், விலே பார்லே பக்கம். இரண்டாவது அந்தேரி கிழக்கில். உள்நாட்டு விமானங்கள் இரண்டிலிருந்தும் போகின்றன. 2025 அக்டோபரில் முழுமையாகத் திறக்கப்பட்ட மூன்றாம் எண் மெட்ரோ இரண்டு டெர்மினல்களையும் தொட்டு, பூமிக்கடியில் தாதர், சிஎஸ்எம்டி, சர்ச்கேட் வழியாக கஃப் பரேட் வரை போகிறது. பெட்டியோடு வருபவருக்கு இது பெரிய உதவி. இப்போது நவி மும்பையிலும் விமான நிலையம் வந்துவிட்டது. நண்பர் நெருல், பன்வேல் பக்கம் என்றால் அது வசதி. போரிவலி என்றால் அங்கே இறங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பெட்டியைச் சின்னதாகக் கொண்டுவாருங்கள். தோளில் மாட்டும் பை போதும். லோக்கலில் பெரிய பெட்டி உங்களுக்கும் தொந்தரவு, கூட நிற்பவருக்கும் தொந்தரவு.

லோக்கல் ரயிலில் ஏறுவது எப்படி

இதைத் தெரிந்துகொண்டால் மும்பை உங்களுக்கு வசப்பட்டுவிடும். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும்.

டிக்கெட்டைக் கவுன்ட்டரிலோ தானியங்கி இயந்திரத்திலோ கைபேசிச் செயலியிலோ வாங்கலாம். இரண்டாம் வகுப்பில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் சுற்றுலாப் பயணி டிக்கெட்டும் கவுன்ட்டரில் கேட்டால் கிடைக்கும். மூன்று லைனிலும் செல்லும், ஒவ்வொரு தடவையும் வரிசையில் நிற்க வேண்டாம்.

பிளாட்பாரத்தில் தொங்கும் இண்டிகேட்டரைப் பாருங்கள். போய்ச் சேரும் ஊர், வர வேண்டிய நேரம், ஃபாஸ்டா ஸ்லோவா, எத்தனை பெட்டி, எல்லாம் அதில் வரும். ஸ்லோ எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். ஃபாஸ்ட் முக்கியமான இடங்களில் மட்டும். மாட்டுங்கா, மகாலட்சுமி மாதிரி இடங்களுக்கு ஸ்லோதான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது பெட்டி. முதல் வகுப்புப் பெட்டியும் இரண்டாம் வகுப்புப் பெட்டியும் வெளியிலிருந்து கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் வகுப்பின் மேல் சாய்ந்த கோடுகள் இருக்கும், பெட்டி நிற்கும் இடத்திலும் அடையாளம் போட்டிருப்பார்கள். அவசரத்தில் சாதாரண டிக்கெட்டோடு அதில் ஏறினால் அபராதம் கட்ட வேண்டியதுதான். பெண்கள் பெட்டிக்குத் தனிக் குறி உண்டு. குடும்பமாக வந்தால் பெண்கள் அதில் ஏறுவது வசதி, ஆனால் எந்த ஸ்டேஷனில், எந்தப் பாலத்தடியில் சந்திப்பது என்று ஏறுவதற்கு முன்பே பேசிவையுங்கள். மாற்றுத்திறனாளிகள் பெட்டி அவர்களுக்கு மட்டும். ஏசி லோக்கலுக்குத் தனி டிக்கெட்.

ஏறியதும் வாசலில் நிற்காமல் உள்ளே போய்விடுங்கள். பையை மேலே கம்பித் தட்டில் வையுங்கள், அல்லது முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக ஒருவர் ஒண்டிக்கொள்வது இங்கே எழுதப்படாத சட்டம். யாராவது லேசாகக் கையைக் காட்டினால் நகர்ந்து இடம் கொடுங்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து வாசல் பக்கம் வர வேண்டும். முன்னால் நிற்பவரிடம் "தாதர் உதர்னா ஹை?" (தாதரில் இறங்கணுமா?) என்று கேளுங்கள். அவரும் அங்கேதான் இறங்குகிறார் என்றால் அவர் பின்னாலேயே நின்றுகொள்ளலாம். எந்தப் பக்கம் பிளாட்பாரம் வரும் என்றும் அவரே சொல்லிவிடுவார். மும்பைக்காரர்கள் சுருக்கமாகப் பேசுவார்கள், ஆனால் வழி கேட்டால் கைவிட மாட்டார்கள்.

வேலை நாட்களில் காலை எட்டு முதல் பதினொன்று வரை தெற்கே போகும் ரயில்களையும், மாலை ஐந்தரை முதல் ஒன்பது வரை வடக்கே போகும் ரயில்களையும் தவிர்த்துவிடுங்கள். சாயங்காலம் அந்தேரிக்குப் போக விரார் ஃபாஸ்டில் ஏறவே ஏறாதீர்கள். அது தூரத்துக்காரர்களின் வண்டி. நடுவில் இறங்க வழி கிடைக்காது. வார இறுதியில் இந்தக் கஷ்டம் குறைவு. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் இருக்கும். தண்டவாளப் பராமரிப்புக்காகப் பகலில் சில மணி நேரம் சில பாதைகளில் ஃபாஸ்டை ஸ்லோ பாதையில் விடுவார்கள், ஹார்பரில் ரயிலையே நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். எந்த லைனில், எத்தனை மணி முதல் என்று முந்தின நாளே அறிவித்துவிடுவார்கள். சனிக்கிழமை இரவு நண்பரிடம் கேட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு விஷயம்: மேற்கே பாந்த்ராவுக்குத் தெற்கேயும், கிழக்கே சயனுக்குத் தெற்கேயும் ஆட்டோ கிடையாது. அங்கே கறுப்பு மஞ்சள் டாக்சிதான். ஆட்டோவோ டாக்சியோ, மீட்டர் போட்டுத்தான் போவார்கள், பேரம் பேசும் பழக்கம் கிடையாது. சில்லறை கையில் இருக்கட்டும், "சுட்டா ஹை க்யா?" என்ற கேள்வி நிச்சயம் வரும்.

முதல் நாள்: தெற்கே

சனிக்கிழமையை முழுதாகத் தென் மும்பைக்குக் கொடுங்கள். காலை ஏழு ஏழரைக்குக் கிளம்பி நேராகக் கேட்வே ஆஃப் இந்தியா போய்விடுங்கள். ஒன்பது மணி வாக்கில் எலிஃபண்டா தீவுக்கு முதல் படகுகள் புறப்படும், போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மணி நேரம். குகை திங்கட்கிழமை மூடியிருக்கும். திங்கள் சேர்ந்த லீவில் வருகிறவர்கள் எலிஃபண்டாவைக் கடைசி நாளுக்குத் தள்ளி ஏமாறுவது ரொம்ப சகஜம்.

தீவின் சொந்தப் பெயர் காராபுரி. போர்ச்சுகீசியர் அங்கே கண்ட கல் யானையை வைத்து எலிஃபண்டா என்று பெயரிட்டார்கள். அந்த யானை இப்போது பைகுல்லா ஜிஜாமாதா தோட்டத்தில் இருக்கிறது. படகுத்துறையிலிருந்து படியேறும் வழியெல்லாம் கடைகள். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டமோ பாட்டிலோ தெரியும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் குகையில் நேராகச் சிலையிடம் ஓடாதீர்கள். வெளி வெளிச்சத்திலிருந்து உள்ளே வந்ததும் கண் இருட்டும். தூண்களுக்கு நடுவே ஓரிரு நிமிடம் நின்றால், எதிர்ச் சுவரில் சதாசிவனின் மூன்று முகங்கள் மெல்லத் தெளியும். ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரம், 6ஆம் நூற்றாண்டு வேலை. நடுவில் கண்மூடிய சாந்தம். உங்கள் இடப்பக்கம் மீசையும் பாம்புமாக உக்கிர முகம். வலப்பக்கம் தாமரை ஏந்திய, பெண்மை கலந்த முகம். இந்த மூன்றையும் ஒரே கல்லில் வைத்தவன் கையைத் தொட்டுக் கும்பிடத் தோன்றும். இடப்புறம் அர்த்தநாரி, வலப்புறம் கங்காதரன். போர்ச்சுகீசியர் காலத்தில் பல சிலைகள் உடைந்தன. கால் இல்லாமல், கை இல்லாமல் நிற்பவற்றையும் பொறுமையாகப் பாருங்கள். மற்ற குகைகளை வேகமாகப் பார்த்துவிட்டு இங்கேயே கூடுதல் நேரம் இருக்கலாம் என்பது என் கருத்து.

இரண்டு மணிக்குள் திரும்பிவிட்டால், கேட்வேயைச் சுற்றிப் பாருங்கள். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்த நினைவுக்காகக் கட்டத் தொடங்கி 1924இல் முடித்தது. 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி ஆங்கிலப் படைப்பிரிவு இதன் வழியாகத்தான் வெளியேறியது. அங்கிருந்து நடந்தே காலா கோடா, அருங்காட்சியகம், ஃபோர்ட் என்று போகலாம். ஃபோர்ட்டில் ஏதாவது பழைய இரானி கஃபேயில் உட்கார்ந்து வெண்ணெய் தடவிய பன் மஸ்காவும் சாயாவும் சாப்பிடுங்கள். இந்தக் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருகின்றன.

அப்புறம் ஓவல் மைதானம். நடுவே ஒரு பாதை போகிறது, அதில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் உயர் நீதிமன்றமும் ராஜாபாய் கோபுரமுமாக 19ஆம் நூற்றாண்டின் கூர்மாடக் கட்டடங்கள். மறுபக்கம் திரும்பினால் 1930களின் ஆர்ட் டெகோ வீடுகள், வளைந்த பால்கனிகள். இரண்டையும் சேர்த்து யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நடுவே நாலைந்து கிரிக்கெட் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருக்கும், பந்தைப் பார்த்து நடங்கள். சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பாக மரைன் டிரைவ் போய் உட்கார்ந்துவிடுங்கள். கடலோரத்து கான்கிரீட் கட்டைகள் மேல் இறங்க வேண்டாம்.

இருட்டியதும் சிஎஸ்எம்டி. 1888இல் கட்டி முடித்த ஸ்டேஷன். ஸ்டீவன்ஸ் என்பவர் வடிவமைத்தது. உள்ளே நின்றால் அதன் அழகு தெரியாது. சாலையைக் கடந்து மாநகராட்சிக் கட்டடத்துப் பக்கம் நின்று விளக்கொளியில் பாருங்கள். வண்டி புறப்படும் இடம் இதுதான் என்பதால் வீடு வரை உட்கார்ந்தே போகலாம். வெஸ்டர்ன் லைன்காரர்களுக்கு சர்ச்கேட்டில் அதே வசதி.

இரண்டாம் நாள்: நண்பருக்கு

ஞாயிற்றுக்கிழமையை நண்பரிடம் ஒப்படைத்துவிடுங்கள். வாரம் முழுக்க விடியலில் எழுந்து ரயிலில் தொங்கிக்கொண்டு போகும் மனிதர் அவர். அன்று கொஞ்சம் தூங்கட்டும். எழுந்ததும் காலைச் சாப்பாட்டுக்கு அவரை மாட்டுங்காவுக்கு அழைத்துப் போங்கள், செலவு உங்களுடையது.

1890களின் பிளேக் நோய்க்குப் பிறகு திட்டமிட்டுக் கட்டிய பகுதி மாட்டுங்கா. தென்னிந்தியர்கள் வந்து குடியேறி, கோயில், பள்ளி, பூக்கடை, காபித்தூள் கடை என்று சொந்த ஊராகவே ஆக்கிக்கொண்டார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ் வாசலில் ஞாயிறு காலை நல்ல கூட்டம் இருக்கும், பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பெயர் மெட்ராஸ் என்றாலும் கைப்பக்குவம் உடுப்பி; சாம்பாரில் லேசாக இனிப்புத் தட்டும். மதியச் சாப்பாடு என்றால் ஸ்டேஷன் அருகே ராம நாயக்கில், 1942 முதல் நடக்கும் உடுப்பி மெஸ்ஸில், வாழை இலையில் போடச் சொல்லுங்கள்.

பொங்கலன்றே இங்கே இருக்க வாய்த்தால், தாராவியில் உறவோ நட்போ இருந்தால், காலையில் 90 அடிச் சாலைப் பக்கம் போங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பங்கள் தெருவில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவார்கள். அழைப்பவர் யாரும் இல்லாமல் கேமராவோடு மட்டும் போகாதீர்கள். மக்கள் குடியிருக்கும் வீடுகள் அவை.

மதியத்துக்கு மேல் எந்த இடமும் வைத்துக்கொள்ள வேண்டாம். நண்பர் காய்கறி வாங்கப் போனால் பையைப் பிடித்துக்கொண்டு கூடப் போங்கள். அவர் தினமும் வடாபாவ் தின்னும் கடையில் காய்ந்த பூண்டுச் சட்னி தூவி ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். எந்தப் பிரபலக் கடையைவிடவும் அதுதான் உங்களுக்கு நினைவில் நிற்கும்.

மூன்றாம் நாள்: வீட்டுக்குப் பக்கத்தில்

திரும்பும் நாள் என்பதால் நண்பரின் லைனிலேயே ஏதாவது ஒன்று போதும். வெஸ்டர்ன் என்றால் போரிவலி தேசியப் பூங்காவுக்குள் கன்ஹேரி குகைகள். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள், மழைநீரைப் பிடிக்கப் பாறையில் வெட்டிய வாய்க்கால்களும் தொட்டிகளும் இன்றும் தெரியும். இதுவும் திங்கட்கிழமை மூடல், அன்றைக்கு என்றால் பாந்த்ரா கடற்கரைப் பக்கம் போகலாம். சென்ட்ரல் என்றால் விடியற்காலை தாதர் பூச்சந்தை, அப்படியே சித்தி விநாயகர் கோயில். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் தாங்காது. ஹார்பர் என்றால் செம்பூர் சேடா நகர் முருகன் கோயில். குளிர்காலத்தில் சேவ்ரி, நெருல், ஐரோலிப் பக்கச் சதுப்புகளில் பூநாரைகள் இறங்கும். கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துப் போனால் கிட்டத்தில் பார்க்கலாம்.

வீட்டில் தங்கும்போது

மும்பை வீடுகள் சின்னவை. ஒரு அறை, ஒரு ஹால், ஒரு குளியலறையில் நான்கு பேர் வாழ்வது சாதாரணம். பல வீடுகளில் தண்ணீர் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வரும், எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டுக்கொண்டு அதற்குத் தகுந்தபடி குளியுங்கள். குடியிருப்பு வாசலில் காவலாளி பெயர் கேட்பார். வரும் நேரத்தை நண்பரிடம் முன்கூட்டியே சொன்னால் பதிந்துவைப்பார். வெளியே சாப்பிடுவதாக இருந்தால் வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே போன் செய்யுங்கள். நள்ளிரவு தாண்டி லோக்கல் ஓடுகிறது என்பதற்காக அந்த நேரத்துக்கு வந்து கதவைத் தட்டாதீர்கள்.

ஊரிலிருந்து என்ன கொண்டுவர என்று நண்பரிடம் கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்பார். அவர் அம்மாவிடம் கேளுங்கள். காபித்தூள் மாட்டுங்காவில் கிடைக்கும், அவர் வீட்டு மிளகாய்ப்பொடியும் வடகமும் கிடைக்காது. இரண்டு மூன்று உறை போட்டுக் கட்டி, விமானமென்றால் கையில் வைத்துக்கொள்ளாமல் செக்-இன் பையில் போட்டு அனுப்பிவிடுங்கள்.

திரும்பும்போது டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரையோ டெர்மினலையோ இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். லீவு முடிகிற சாயங்காலம் சாலைகள் நிறைந்துவிடும், அதனால் முடிந்த தூரம் லோக்கலிலோ மெட்ரோவிலோ போய்விடுவது நல்லது. நண்பர் விமான நிலையம் வரை வருகிறேன் என்றால் தடுத்துவிடுங்கள். மறுநாள் காலை அவருக்கு ரயில் இருக்கிறது. அவருடைய ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பினால் போதும்.